குறைந்துகொண்டே வந்த அரிசித் தண்ணீர்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். இந்த ஒரு வரியை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்து, எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு அது உண்மைதான், பொய் இல்லை. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்னால் நீ போனில் கேட்டபோது எல்லாரும் நல்லா இருக்கோம்டி என்று சொன்னேனே, அன்றைக்கு அது உண்மை இல்லை, உண்மை இல்லை என்பது எனக்கே தெரியாது. நீ பதறிக்கொண்டு கடைசிப் பக்கத்துக்குத் தாவுகிற பெண் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா இப்போது நன்றாக இருக்கிறார், பக்கத்து அறையில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகித் திருகி எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்கவிடாமல் செய்துகொண்டிருக்கிறார். போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. இந்த இரண்டு அறை வீட்டில் போனில் பேசுவதும் தெருமுனையில் நின்று தண்டோரா போடுவதும் ஒன்றுதான், அதுவும் உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் கண்டித்துச் சொல்லியிருக்கிறார். பதினோரு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று மனசுக்குள் போட்டு உருட்டிவிட்டு இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

போன வருடம் நீ எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாயே, முழங்கால்வரை முடி வைத்த ஒரு பெண் அரிசி களைந்த தண்ணீரைத் தலையில் ஊற்றி, முகத்திலும் தடவிக்கொண்டு சிரிப்பாளே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு எனக்குச் சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக வந்துகொண்டிருந்தது, நீயும் பாவம் அம்மா சடை எலிவால் ஆகிவிட்டதே என்று அக்கறையாகத்தான் அனுப்பினாய். நானும் அதில் சொன்னபடியே செய்துவந்தேன். இரண்டு பிடி அரிசி எடுத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டாம் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, கையால் நன்றாகப் பிசைந்து வடிகட்டி, அந்தப் பால் மாதிரி தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, ஒரு நாள் வெளியே வைத்து லேசாகப் புளித்த வாசனை வந்ததும் பிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். வாரத்துக்கு இரண்டு தடவை குளிக்கப் போகும் முன் தலையில் தடவி, கால் மணி நேரம் கழித்து நன்றாக அலசிவிடுவேன். முடி வளர்ந்ததா என்று கேட்காதே. எலிவால் எலிவாலாகவேதான் இருக்கிறது, ஆனால் சிக்கு விழுவது குறைந்த மாதிரி எனக்கொரு திருப்தி. கடையில் பக்கத்து மிஷினில் தைக்கிறவள்கூட என்னடி தலை பளபளன்னு இருக்கு என்று ஒருநாள் கேட்டாள், அதில் நான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் அந்தப் பாட்டிலில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. முதலில் என் ஞாபகம்தான் சரியில்லை என்று நினைத்தேன். பிறகு பாட்டிலில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்தேன். காலையில் நூலுக்கு மேலே இருக்கும், சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து பார்த்தால் நூலுக்கு இரண்டு விரல் கீழே இருக்கும். அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "பூனை குடிச்சிருக்கும்" என்றார். பிரிட்ஜைத் திறந்து, மூடியைத் திருகி, குடித்துவிட்டுத் திரும்ப மூடி வைக்கிற பூனை எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டேன். "இந்தக் காலத்துப் பூனைக்கு எல்லாம் தெரியும்" என்றார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வீட்டில் இருப்பதே நான்கு பேர். உன் அண்ணனுக்கு லிப்ட் ரிப்பேர் வேலை, காலையில் போனால் கிரீஸும் கையுமாகத்தான் திரும்புவான், அவன் அரிசித் தண்ணீரையா தேடப்போகிறான். மிச்சம் உன் அண்ணிதான். அச்சகத்தில் புத்தகம் தைக்கிற வேலை, அவளுக்குச் சில நாள் மதியமே முடிந்துவிடும், முகமும் அப்போது கொஞ்சம் தெளிவாக இருந்தது. போதாதா எனக்கு. ஒருநாள் காலையில் அடுப்படியில் அவளை நிறுத்தி, வேண்டுமென்றால் கேட்டு எடுத்துக்கொள், அரிசிக்கா பஞ்சம், திருட்டுத்தனம் எதற்கு என்று கேட்டுவிட்டேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை. என்னைப் பார்த்தாள், கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்து, "இனிமே குறையாது அத்தை" என்றாள், அவ்வளவுதான். நான் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டேன். ஒன்பது நாள் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை பொடிசு. சாப்பாடு வைத்தாயா, கதவைச் சாத்தினாயா, அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அப்பா அத்தனையையும் பார்த்துக்கொண்டு பேப்பருக்குள் இருந்தார். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஒன்பது நாள் இல்லை. அதை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை, அவருக்கும் தெரியும்.

அப்பா முடி வளர்க்க ஆரம்பித்ததைப் பற்றி உன்னிடம் போனில் சொல்லிச் சிரித்தேனே, ஞாபகம் இருக்கிறதா. முப்பத்துநாலு வருஷமாக மாதம் தவறாமல் ஒட்ட வெட்டிக்கொள்கிற மனுஷன், பெயிண்ட் தெறித்தால் கழுவ வசதி என்பார். அவர் காதை மூடுகிற அளவுக்கு முடி விட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளும் தொப்பியோடு திரிந்தார். முடி வெட்டுகிறவர் கடைத்தெருவில் என்னைப் பார்த்து, "அண்ணன் என்மேல ஏதாவது வருத்தமா, வேற கடைக்குப் போறாரா" என்று கேட்டார். அறுபது வயதில் அய்யாவுக்கு ஹீரோ ஆசை வந்துவிட்டது என்று உன் அண்ணன்கூடக் கிண்டல் செய்தான். படுக்கையிலும் இடம் மாறிப் படுத்தார், ஜன்னல் காற்று வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார், நான் எல்லாவற்றையும் நம்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அப்படி மறைத்திருக்கிறார், நான் அந்தச் சோற்றைத் தினமும் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு புதன்கிழமை கடையில் என் மிஷின் மோட்டார் புகைந்துவிட்டது. பள்ளிக்கூடச் சீருடை நூற்றைம்பது தைத்துக் கொடுக்க வேண்டிய நேரம், முதலாளியம்மா தலையில் கைவைத்துக்கொண்டு, மெக்கானிக் வருகிறவரை நீ வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டாள். பன்னிரண்டரை மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டு வாசலில் அப்பாவின் செருப்பு கிடந்தது. அப்போது அவருக்கு நம் தெருவுக்குப் பின்னால் ஆறு மாடிக் கட்டிடத்தில் வெளிச்சுவர் வேலை, மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டுதான் போவார், வீட்டுக்கு வருவதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். உள்ளே போனால் பிரிட்ஜ் கதவு சரியாக மூடவில்லை, பாட்டிலைக் காணோம். குளியலறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

சுவரில் இருக்கிற கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையில் நீ விட்டுவிட்டுப் போன அந்த வட்டக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து வைத்திருந்தார் உன் அப்பா. கழுவுதொட்டி ஓரத்தில் என் பாட்டில், ஒரு சின்னக் கிண்ணம், பஞ்சு. எனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே. நீ பள்ளிக்குப் போகிற காலத்தில் கண்ணாடி முன் இரண்டு நிமிடம் நின்றால் சுவர் தேய்ந்துபோகும் என்று கத்துவாரே, அந்த மனுஷன் திருட்டுத்தனமாக அழகுக்குறிப்பு செய்கிறார், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று கதவைத் தள்ளித் திறந்து வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திடுக்கிட்டுத் திரும்பினார், அந்தத் திரும்பலில் காதை மூடியிருந்த முடி விலகியது. கிண்ணத்தில் இருந்த பஞ்சு சிவப்பாக இருந்தது.

என் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. வாய் திறந்தபடியே நின்றேன் என்று நினைக்கிறேன். இடது காதுக்குப் பின்னால், முடி தொடங்குகிற இடத்தில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கறுப்பு. ஓரமெல்லாம் மெழுகு பூசியதுபோல மினுமினுப்பாகத் தடித்து, நடுவில் குழிந்து, குழியில் ஈரம். நான் தையல்காரி, ஒரு துணியில் ஒரு நூல் பிசகினால் பத்தடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவேன். என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிற மனுஷன் காதுக்குப் பின்னால் இது எப்போது வந்தது, எப்படி வளர்ந்தது, எனக்குத் தெரியாது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். "நீ ஏன் இந்நேரத்துல வந்த?" என்றார் அப்பா. அவர் கேட்ட முதல் கேள்வி அது. என்னவோ நான்தான் தப்பு செய்து மாட்டிக்கொண்ட மாதிரி.

எத்தனை நாளாக என்று கேட்டேன். கொஞ்ச நாள்தான் என்றார். மாஸ்க் எலாஸ்டிக் உரசியது, சுவரைத் தேய்க்கும்போது தூசிக்குப் போடுகிற மாஸ்க், அதன் நாடா காதுக்குப் பின்னால் உரசி உரசிப் புண்ணாகிவிட்டது, ஆறிவிடும் என்றார். எத்தனை நாளாக என்று திரும்பக் கேட்டேன். அவர் கதவை மூட எட்டினார், நான் மூடவிடாமல் தள்ளினேன், இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கதவை இழுத்ததில் கதவுக்குப் பின்னால் தொங்கிய துண்டுகள் கீழே விழுந்தன. அப்போதுதான் அதைப் பார்த்தேன். கதவின் பின்பக்கம் முழுக்கப் பென்சில் கோடுகள். பெயிண்டர்கள் எந்தச் சுவருக்கு எத்தனை கோட் அடித்தோம் என்று சுவர் மூலையில் கோடு போட்டு வைப்பார்களே, நான்கு கோடு நின்றபடி, ஐந்தாவது குறுக்கே, அப்படி வரிசை வரிசையாக. இருபத்தொரு கோடு முடிந்ததும் கீழே ஒரு நீளக் கோடு. மறுபடி ஒன்றிலிருந்து. அந்த வீடியோவில் சொன்னார்களே பொடிசு, இருபத்தொரு நாளில் கரும்புள்ளியெல்லாம் மறைந்துவிடும் என்று. என் போனில் அதைப் பார்த்திருக்கிறார். இருபத்தொரு நாளில் மறையவில்லை என்றதும், எங்கேயோ ஒரு நாள் விட்டுப்போயிருக்கும் என்று திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். நான் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். பதினோரு இருபத்தொன்று, அதற்குமேல் ஒன்பது. இருநூற்று நாற்பது நாள். முதலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் எடுத்திருக்கிறார், அது எனக்குத் தெரியவில்லை. புண் பெரிதாகப் பெரிதாக ஒரு கிண்ணம், பிறகு காலையில் ஒன்று மதியம் ஒன்று. அப்போதுதான் என் நூலுக்குக் கீழே போயிருக்கிறது.

எட்டு மாதம் ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தினேன் என்று சொல்வதுதான் சரி. அவர் கழுவுதொட்டியைப் பார்த்துக்கொண்டே ஒன்று சொன்னார், அதை அப்படியே எழுதுகிறேன். "டாக்டர்கிட்ட போனா அதுக்கு ஒரு பேர் வச்சிடுவாங்க. பேர் வைக்காத வரைக்கும் அது வெறும் புள்ளிதானே." எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் போய் உன் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

அதற்குள் உன் அண்ணி வந்துவிட்டாள். என் முகத்தையும் பாட்டிலையும் அப்பாவையும் பார்த்தவுடன் அவளுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது, மீதியை நான் அவர் தலையைத் திருப்பிக் காட்டினேன். அவள் கையிலிருந்த பை நழுவிக் கீழே விழுந்தது. பிறகு அழுதுகொண்டே சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா பாட்டிலிலிருந்து ஊற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள். "முடி கொட்டுதும்மா, உங்க அத்தைகிட்ட சொன்னா காலத்துக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா, சொல்லிடாதே" என்று கெஞ்சியிருக்கிறார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அந்த வாக்குக்காகத்தான் நான் திருட்டு என்று சொன்னபோது வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறாள். "நான் அன்னிக்கே சொல்லியிருந்தா நீங்க அன்னிக்கே பாத்திருப்பீங்களே அத்தை" என்று அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். யார் யாரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு, சொல். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தப்பு என்மேல்தான் என்று அப்பா முன்னாலேயே, உன் அண்ணன் வந்தபிறகு அவன் முன்னாலேயும் சொன்னேன். மாமியார் வாயிலிருந்து அது வந்தது அவளுக்கே அதிர்ச்சி, அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மறுநாள் தோல் டாக்டரிடம் போனோம். உன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு, ஆனால் எதையும் அவசரப்படாமல் பார்த்தாள். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டாள். அப்பா, "ஒரு மாசம் இருக்கும்" என்றார். நான், "இருநூத்தி நாப்பத்தொரு நாள்" என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன போட்டீர்கள் என்று கேட்டபோது அப்பா கூரையைப் பார்த்தார், நான்தான் அரிசித் தண்ணீர் கதையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. ஒரு விளக்கும் கண்ணாடியும் வைத்துப் பார்த்துவிட்டு, மரத்துப்போக ஊசி போட்டு ஒரு துணுக்குச் சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாள். முடிவு வர எட்டு நாள் ஆகும் என்றாள். அந்த எட்டு நாளில் நான் தைத்த சட்டை ஒன்றுக்கு இரண்டு கையும் இடது கையாகவே வைத்துத் தைத்திருக்கிறேன். நடுவில் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய், அப்பா சத்தமாகச் சிரித்துப் பேசினார், நான் அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

முடிவு வந்தது. புற்றுநோய் என்றாள். அந்த அறையில் ஒரு காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தம் மட்டும்தான் எனக்கு அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் கேட்டது. உன் அண்ணன் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தான். டாக்டர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அம்மா, முழுசாக் கேளுங்க. இது தோல்ல வர்றது, இதுலயே ரொம்பச் சோம்பேறி வகை. உடம்புல மத்த இடத்துக்குப் போறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா இருக்கிற இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டே போகும், காது குருத்தெலும்பு வரைக்கும் போயிடக்கூடாது, அதனால வெட்டி எடுத்துடணும்" என்றாள். வருஷக்கணக்காக வெயிலில் நிற்கிறவர்களுக்கு வரக்கூடியதுதானாம். அப்பா மெதுவாக, "சுவத்துல ஓதம் மாதிரியா டாக்டர்?" என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார், சுவருக்குள் ஈரம் இருந்தால் மேலே எத்தனை கோட் அடித்தாலும் கறை திரும்பத் திரும்ப வரும், பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதுசாகப் பூச வேண்டும். அதேதான் என்றாள் டாக்டர். எனக்கு வந்ததே ஆத்திரம். ஓதச் சுவரில் பெயிண்ட் அடிக்கச் சொல்கிற வீட்டுக்காரர்களை எல்லாம் படிப்பு இருந்தும் புத்தி இல்லை என்று திட்டிவிட்டு வருகிற மனுஷன், தன் சொந்தக் காதுக்குப் பின்னால் எட்டு மாதம் மேல்பூச்சுப் பூசிக்கொண்டிருந்திருக்கிறார். அதை அங்கேயே சொன்னேன். அவர் என்னை மறுத்துப் பேசாதது கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

அந்த அரிசித் தண்ணீர்தான் இதைக் கொண்டுவந்ததா என்று டாக்டரிடம் தனியாகக் கேட்டேன், எனக்கு அது அடித்துக்கொண்டே இருந்தது. "அது ஒரு பாவமும் பண்ணல அம்மா. தலைக்குப் போடணும்னு தோணினா போடுங்க, முகம் கழுவணும்னா கழுவுங்க, ஒத்துக்கிச்சுன்னா சரி. புளிச்ச தண்ணியைத் திறந்த புண்ணுல மட்டும் வைக்காதீங்க, கிருமி சேரும், இவருக்கு அதுவும் சேர்ந்திருக்கு. மூணு நாலு வாரத்துல ஆறாத புண்ணு எதுவா இருந்தாலும் காட்டிடணும். தண்ணி இவருக்குச் செஞ்ச கெடுதல் ஒண்ணுதான், எட்டு மாசம் நம்பிக்கை குடுத்துது" என்றாள். இதை நீ இரண்டு தடவை படி. உனக்காகத்தான் ஒரு வார்த்தை விடாமல் எழுதியிருக்கிறேன்.

கிருமிக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்துவிட்டு அடுத்த வாரமே வெட்டி எடுத்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். ஒன்றரை மணி நேரம். பக்கத்துத் தோலையே இழுத்துத் தைத்திருக்கிறார்கள், ஒன்பது தையல். தையல் பிரிக்கும்போது நான் உற்றுப் பார்த்தேன், ஒரே அளவு, ஒரே இடைவெளி, அந்தப் பெண்ணை எங்கள் கடையில் சேர்த்துக்கொள்ளலாம். எடுத்த சதையை மறுபடி சோதித்ததில் ஓரம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது, எதுவும் மிச்சமில்லை என்று பதினோரு நாளைக்கு முன்னால் சொன்னார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். குருத்தெலும்புக்கு நூலிழை தூரத்தில் நின்றிருந்ததாம். இன்னும் இரண்டு மூன்று இருபத்தொன்று கோடு போட்டிருந்தால் காதில் பாதி போயிருக்கும் என்றாள் டாக்டர். அதைக் கேட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது, இது என்ன புத்தியோ.

அன்று வீட்டுக்கு வரும் வழியில்தான் அப்பா சொன்னார். "பொடிசுகிட்ட சொல்லாதே. அந்த வீடியோ அவ அனுப்பினது. என்னாலதான்னு நினைச்சு ஆயுசுக்கும் மனசுல வச்சுப்பா." எட்டு மாதம் மறைத்ததில் பாதி பயம், பாதி இதுவாகவும் இருந்திருக்கிறது. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன் பொடிசு. அவர் நம்மைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டார், உன் அண்ணி அவரைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டாள், நான் உன்னைக் காப்பாற்றக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். இப்படி ஆளுக்கு ஆள் காப்பாற்றித்தான் அது பொத்தான் அளவுக்கு வளர்ந்தது. அதனால் அவர் பேச்சை மீறி எழுதுகிறேன். நீ அனுப்பியது என் தலைமுடிக்கு. அதை எடுத்து அவர் புண்ணுக்குப் போட்டது அவர் முடிவு. நீ அதை உன் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு அழுதால் எனக்குக் கெட்ட கோபம் வரும், அழுவதென்றால் ஒரு நாள் அழுதுவிட்டு நிறுத்திக்கொள். அப்பா கொஞ்ச நாளைக்கு வெளிச்சுவர் ஏறமாட்டார், உள்வேலை மட்டும். வெளியே போனால் அகலத் தொப்பி, காதுக்கும் கழுத்துக்கும் களிம்பு. தினமும் தடவிவிடுவது உன் அண்ணி, அவர் நெளிந்தால் அதட்டுகிறாள், எனக்குக்கூட அப்படி அடங்கினதில்லை.

எனக்குத்தான் இப்போது ஒரு வியாதி வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் காதுக்குப் பின்னால் பார்க்கிறேன். உன் அண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொல்லி ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி மச்சங்களை எண்ணினேன். தபால்காரர் குனிந்தபோது அவர் பிடரியை அப்படி முறைத்துப் பார்த்திருக்கிறேன், மனுஷன் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டு ஓடியே போய்விட்டார். உன்னையும் விடப்போவதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் இரண்டு கண்ணாடி வைத்து முதுகு, பிடரி, காதுக்குப் பின்னால் எல்லாம் பார். புதிதாக வந்தது, வளர்கிறது, ஆறாதது, எது இருந்தாலும் டாக்டரிடம் காட்டு. வெட்கப்படாதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதே. அங்கே வேலை அவசரத்தில் மதியம் சாப்பிடாமல் இருக்காதே. முகத்துக்கு எதைத் தடவினாலும் முதலில் முழங்கையில் தடவிப் பார்த்துவிட்டுத் தடவு. அப்பா போனில் பேசும்போது உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவேண்டாம் என்று எழுத நினைத்தேன், பிறகு அதுவும் இன்னொரு மூடிமறைத்தல் என்று தோன்றியது. கேள். நேராகவே கேள். அவர் தடுமாறினால் தடுமாறட்டும்.

நீ நோய்நொடி இல்லாமல், மனக்குறை இல்லாமல், கூப்பிட்டால் ஓடிவர நாலு நல்ல மனுஷர்களோடு நீண்டகாலம் இருக்க வேண்டும். கடிதம் கிடைத்ததும் பதில் போடு, போனில் சொன்னேனே என்று சாக்குச் சொல்லாதே, எனக்குக் கையெழுத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
எப்போதும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

பொடிசு, அம்மா இதை எழுதிவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள். மேஜையில் இருந்தது, படித்துவிட்டேன். அவளைத் திட்டப் போவதில்லை. எல்லாம் சரியாகத்தான் எழுதியிருக்கிறாள், ஒன்று மட்டும் விட்டிருக்கிறாள். என்னை ஆபரேஷனுக்கு உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போது நான் அவள் கையை விடவில்லை. ஐயா விடுங்க என்று நர்ஸ் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் விட்டேன். உங்கள் எல்லோரிடமும் எனக்கு எதற்கும் பயமில்லை என்றே சொல்லி வளர்த்துவிட்டேன். பயமாகத்தான் இருந்தது. இதை அவள் உனக்கு எழுதமாட்டாள், அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பா